சைடு ஸ்டாண்டு முதல் கிளட்ச் வரை: பைக்கின் பாதுகாப்பு சுவிட்சுகளைச் சோதிப்பதும் பேணுவதும்

பேட்டரி நன்றாக இருக்கிறது, டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, ஹாரன் ஓங்கி ஒலிக்கிறது. ஆனாலும் செல்ஃப் பட்டனை அழுத்தினால் ‘டக்’ என்ற சத்தம்கூட எழுவதில்லை. அல்லது நியூட்ரலில் சீராக ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின், முதல் கியரைப் போட்ட நொடியிலேயே நின்றுவிடுகிறது. புதிதாகப் பைக் ஓட்டத் தொடங்கியவர்கள் இந்த இரண்டில் ஒன்றைச் சந்திக்கும்போது என்ஜினுக்குள் ஏதோ பெரிய பழுது என்று அஞ்சிவிடுகிறார்கள். பெரும்பாலும் பழுது என்ஜினில் இருப்பதில்லை. கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு சுவிட்சிலோ, அந்தச் சுவிட்சுக்குச் செல்லும் ஒயரிலோ இருக்கிறது.

இந்த நிலையில் சாலையோரப் பட்டறைகளில் பல நேரம் நடப்பது ஒன்றுண்டு. சுவிட்சிலிருந்து வரும் இரண்டு ஒயர்களை வெட்டி, முனைகளை ஒன்றோடொன்று முறுக்கி, டேப் சுற்றிவிடுவார்கள். ‘டைரக்ட் பண்ணியாச்சு’ என்பது அதற்குப் பெயர். வண்டி உடனே கிளம்பிவிடும், செலவும் குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாள் மாலையில், வீடு சேர்ந்தால் போதும் என்ற அவசரத்தில், நானும் என் வண்டியின் சைடு ஸ்டாண்டு சுவிட்சை அப்படி டைரக்ட் செய்யச் சம்மதித்தேன். பிறகு புதியது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து, அடியோடு மறந்தும் போனேன். மூன்று வாரம் கழித்து அந்த வண்டியை எடுத்துச் சென்ற என் தம்பி, ஸ்டாண்டை மடக்காமலேயே கிளம்பி, தெருமுனையில் இடப்பக்கம் திரும்பியபோது விழுந்தான். மணிக்கட்டில் எலும்பு முறிவு. அந்தச் சுவிட்ச் வேலை செய்திருந்தால் அவன் முதல் கியரைப் போட்டபோதே என்ஜின் நின்று, ஸ்டாண்டு கீழே இருப்பதை அவனுக்குச் சொல்லியிருக்கும்.

சைடு ஸ்டாண்டு வண்டியின் இடப்பக்கம் இருக்கிறது. வண்டி இடப்பக்கம் சாயும்போது கீழே நீண்டிருக்கும் ஸ்டாண்டின் நுனி சாலையில் ஊன்றி, பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடுகிறது. நேராக ஓடும்வரை ஒன்றும் தெரியாது. முதல் இடப்பக்க வளைவில்தான் தெரியும். ஆகவே கீழே சொல்லப்படும் வேலைகள் அனைத்தும் எந்தச் சுவிட்ச் பழுது என்று கண்டுபிடித்து, அதைச் சரிசெய்வதற்கானவை. அதை இல்லாமல் ஆக்குவதற்கானவை அல்ல.

எந்தச் சுவிட்ச் எதைக் காக்கிறது

கியர் வண்டியில் என்ஜினைக் கிளப்புவதற்கும் ஓட விடுவதற்கும் அனுமதி தருகின்ற சுவிட்சுகள் பொதுவாக நான்கு. வலப்பக்கக் கைப்பிடியில் இருக்கும் கில் சுவிட்ச், சாவியைத் தொடாமலே என்ஜினை நிறுத்துவதற்கானது. கிளட்ச் லீவரின் அடியில் இருக்கும் சிறு சுவிட்ச், லீவர் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறது. கியர்பாக்ஸில் பொருத்தப்பட்டிருக்கும் நியூட்ரல் சுவிட்ச், வண்டி கியரில் இல்லை என்பதை உறுதிசெய்து, மீட்டரில் பச்சை விளக்கையும் எரியவைக்கிறது. சைடு ஸ்டாண்டு சுவிட்ச், ஸ்டாண்டு மடங்கியிருக்கிறதா என்று பார்க்கிறது. இவற்றோடு, என்ஜினுக்குத் தொடர்பில்லாவிட்டாலும் உயிருக்குத் தொடர்புள்ள முன், பின் பிரேக் சுவிட்சுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாம் வேகத்தைக் குறைக்கிறோம் என்பதைப் பின்னால் வரும் லாரிக்குச் சொல்வது அவைதான். கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் பிரேக் லீவரைப் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும் என்பதால், அங்கே பிரேக் சுவிட்சே கிளட்ச் சுவிட்சின் வேலையையும் செய்கிறது. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில், வண்டி சரிந்து விழுந்தால் என்ஜினை நிறுத்தும் சாய்வு சென்சார் ஒன்றும் உண்டு.

இந்தச் சுவிட்சுகள் இணைந்து வேலை செய்யும் முறை எல்லா வண்டிக்கும் ஒன்றல்ல. சில வண்டிகளில் நியூட்ரலில் இருந்தால் கிளட்ச் பிடிக்காமலே செல்ஃப் எடுக்கும்; சிலவற்றில் எப்போதும் கிளட்ச் பிடிக்க வேண்டும். சிலவற்றில் ஸ்டாண்டு கீழே இருந்தாலும் நியூட்ரலில் என்ஜின் ஓடும், கியர் போட்டால்தான் நிற்கும். வேறு சிலவற்றில் ஸ்டாண்டு கீழே இருந்தால் நியூட்ரலில்கூட என்ஜின் கிளம்பாது. பழுது என்று முடிவு செய்வதற்கு முன் உங்கள் வண்டியின் கையேட்டில் இந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். வண்டி நன்றாக இருக்கும் நாளிலேயே பத்து நிமிடம் ஒதுக்கி, நியூட்ரல், கியர், கிளட்ச், ஸ்டாண்டு ஆகியவற்றை மாற்றி மாற்றி வைத்து, எந்த நிலையில் செல்ஃப் எடுக்கிறது, எந்த நிலையில் எடுக்கவில்லை என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பழுது வரும் நாளில் அந்தத் தாள்தான் உங்களுக்கு முதல் கருவி.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், எலெக்ட்ரிகல் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே ஒன்று, பழைய பல்துலக்கும் பிரஷ், சிறிய ஸ்டார் ஸ்குரூடிரைவர், வண்டியோடு வந்த ஸ்பேனர்கள், சூடாக்கினால் சுருங்கும் ஸ்லீவ் கொஞ்சம், மின்கடத்தாத சிலிகான் கிரீஸ் சிறிதளவு. இவை போதும். 12 வோல்ட் பல்பில் ஒயர் கட்டிய டெஸ்டர் பல பட்டறைகளில் புழங்குகிறது. ஹாரன், பிரேக் விளக்கு போன்ற எளிய சர்க்யூட்டுகளுக்கு அது நல்ல கருவிதான். ஆனால் 21 வாட் பல்பு ஒன்று ஏறத்தாழ 1.75 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியின் என்ஜினை ஆளும் சிறு கணினியான இ.சி.யு.வுக்குச் செல்லும் மெல்லிய சிக்னல் ஒயர்களில் அதைத் தொட வைத்தால், சுவிட்சைச் சோதிக்கப் போய் இ.சி.யு.வையே இழக்க நேரிடலாம். சந்தேகம் இருக்கும் இடத்தில் மல்டிமீட்டரை மட்டும் பயன்படுத்துங்கள்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டிக்கு, பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டு வேண்டும். பின்சக்கரம் தரையைத் தொடாமல் இருப்பதும், வேலையின்போது யாரும் வண்டிக்கு எதிரில் நிற்காமல் இருப்பதும் கட்டாயம். மூடிய அறைக்குள் என்ஜினை ஓடவிட்டால் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமலே மயக்கத்தில் தள்ளிவிடும்.

முதல் படி: கருவியைத் தொடாமல் ஐந்து நிமிடம்

முதலில் கில் சுவிட்சைப் பாருங்கள். வண்டியை நிறுத்திவிட்டு வந்த இடத்தில் ஒரு குழந்தை அதைத் தட்டியிருக்கலாம், பை உரசியிருக்கலாம். அனுபவமுள்ளவர்களும் இதைக் கவனிக்காமல் அரைமணி நேரம் வண்டியைத் தள்ளியிருக்கிறார்கள். அதை நான்கைந்து முறை மாற்றிப் போட்டு, ஓடும் நிலையில் நிறுத்திவிட்டுச் செல்ஃபை அழுத்திப் பாருங்கள்.

அடுத்து, சாவியை ஆன் செய்து ஹாரனை அழுத்துங்கள். விளக்கும் இல்லை, ஹாரனும் இல்லை என்றால் பழுது பேட்டரியிலோ, முதன்மை பியூஸிலோ, சாவித் துளையின் சுவிட்சிலோ இருக்கிறது. பாதுகாப்பு சுவிட்சுகளுக்கு இதில் பங்கில்லை. ஹாரன் கம்மிய குரலில் ஒலித்து, செல்ஃபை அழுத்தும்போது மீட்டர் விளக்குகள் மங்கினால் பேட்டரி தளர்ந்திருக்கிறது. மல்டிமீட்டரில் ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அழுத்தும்போது அது 10 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் முதலில் பேட்டரியையும் அதன் டெர்மினல் இறுக்கத்தையும் கவனியுங்கள். ‘டக்’ என்று ரிலே (செல்ஃப் மோட்டாருக்குப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் மின்சுவிட்ச்) சத்தம் கேட்டும் மோட்டார் சுற்றவில்லை என்றாலும் அப்படியே: ரிலே வரைக்கும் அனுமதி வந்துவிட்டது என்பதற்கு அந்தச் சத்தமே சான்று, ஆகவே சுவிட்சுகளை விட்டுவிட்டு பேட்டரி, தடித்த கேபிள்கள், மோட்டார் ஆகியவற்றைப் பாருங்கள்.

விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன, ஹாரன் உரக்க ஒலிக்கிறது, செல்ஃபுக்கு மட்டும் எந்தச் சத்தமும் இல்லை என்றால், நாம் தேடும் இடத்துக்கு வந்துவிட்டோம்.

இரண்டாம் படி: அறிகுறியிலிருந்து சுவிட்சுக்கு

நியூட்ரலில் செல்ஃப் எடுக்கிறது, ஆனால் கியரில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் எடுக்கவில்லை என்றால், கிளட்ச் சுவிட்ச் அல்லது சைடு ஸ்டாண்டு சுவிட்ச். இரண்டில் எது என்று பிரித்தறிய, நியூட்ரலில் என்ஜினைக் கிளப்பி, ஸ்டாண்டை மடக்கி, கிளட்சைப் பிடித்து முதல் கியரைப் போடுங்கள். என்ஜின் நின்றுவிட்டால் சைடு ஸ்டாண்டு சுவிட்ச். ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் சுவிட்ச். இந்த ஒரு சோதனையிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

பள்ளத்தில் இறங்கி ஏறும்போது என்ஜின் ஒரு கணம் திக்கி மீள்கிறது, அல்லது நின்று, உடனே மறுபடி கிளம்பிவிடுகிறது என்றால், அங்கும் முதல் சந்தேகம் சைடு ஸ்டாண்டின் மேல்தான். சுவிட்ச் நன்றாக இருந்தும், ஸ்டாண்டை மேலே இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் குலுக்கலில் ஸ்டாண்டு சற்றே இறங்கி சுவிட்சைத் துண்டிக்கும். ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் என்ஜின் திக்கினால் பழுது வேறிடத்தில்: கைப்பிடிகளிலிருந்து வரும் ஒயர்கள், ஹேண்டில் கழுத்தருகே ஆயிரக்கணக்கான முறை வளைந்து வளைந்து, மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செப்பு இழைகள் அறுந்திருக்கும். நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெல்லத் திருப்பிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

நியூட்ரலில் இருந்தும் பச்சை விளக்கு எரியவில்லை, கிளட்சைப் பிடித்தால் செல்ஃப் எடுக்கிறது என்றால் நியூட்ரல் சுவிட்ச் அல்லது அதன் ஒயர். பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்தும், நியூட்ரலில் கிளட்ச் பிடிக்காமல் செல்ஃப் எடுப்பது திடீரென்று நின்றுபோனால், சுவிட்சுகளைக் குறை சொல்வதற்கு முன் டயோடை நினைவில் கொள்ளுங்கள். பழைய பாணி ஒயரிங்கில் செல்ஃப் ரிலேயின் எர்த் (மின்சாரம் வண்டியின் உலோக உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதை) இரண்டு வழியாகச் செல்கிறது: ஒன்று நியூட்ரல் சுவிட்ச் வழியாக, மற்றொன்று கிளட்ச், ஸ்டாண்டு ஆகிய இரண்டு சுவிட்சுகளின் வழியாக. இவ்விரு வழிகளும் கலந்துவிடாமல் தடுப்பது, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடுகிற ஒரு சிறு டயோடு. அது உள்ளே அறுந்தால் மேலே சொன்ன அறிகுறி வரும். மாறாக அது ஷார்ட் ஆனால், வண்டி கியரில் இருக்கும்போது கிளட்சைப் பிடித்தவுடன் நியூட்ரல் விளக்கு எரியும். இந்த இரண்டாவது அறிகுறியை அலட்சியப்படுத்தாதீர்கள். வண்டி நியூட்ரலில் இருக்கிறது என்று விளக்கு சொல்வதை நம்பி சிக்னலில் கிளட்சை விடுகிறவர், கியரில் உள்ள வண்டியை முன்னால் பாயவிடுவார்.

செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை என்றால், இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியை ஆன் செய்தவுடன் டேங்குக்குள் பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று நொடி ரீங்கரிக்கும் ஒலி கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்கவில்லை என்றால் கில் சுவிட்ச், பம்பின் பியூஸ், ரிலே, சாய்வு சென்சார் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். வண்டி சற்றுமுன் விழுந்திருந்தால், அதை நிமிர்த்தி, சாவியை முழுவதுமாக ஆஃப் செய்து, மீண்டும் ஆன் செய்தாலே பெரும்பாலான வண்டிகளில் சாய்வு சென்சார் விடுவித்துவிடும்.

தள்ளி ஸ்டார்ட் செய்வதும் ஒரு சோதனையே. கிளட்ச் சுவிட்சோ செல்ஃப் பட்டனோ கெட்டிருந்தால் தள்ளி ஸ்டார்ட் செய்யும்போது வண்டி கிளம்பிவிடும். ஏனெனில் அவை செல்ஃபை மட்டுமே தடுக்கின்றன. சைடு ஸ்டாண்டு சுவிட்சும் கில் சுவிட்சும் என்ஜினின் ஸ்பார்க்கையே தடுப்பதால், அவை கெட்டிருந்தால் எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை. நடுவழியில் நின்றவருக்கு வியர்வையை மிச்சப்படுத்தும் செய்தி இது.

மூன்றாம் படி: சைடு ஸ்டாண்டு சுவிட்ச்

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. மற்றச் சுவிட்சுகள் கைக்கருகில் இருக்க, இது மட்டும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், முன்சக்கரம் வாரியிறைக்கும் சேற்றுக்கும் நீருக்கும் நேர் எதிரே இருக்கிறது. அதனாலேயே இது அதிகம் கெடுகிறது. அதனாலேயே அதிகம் டைரக்ட் செய்யப்படுகிறது.

மூன்று வகைகள் புழக்கத்தில் உள்ளன. ஸ்டாண்டு மடங்கும்போது ஒரு சிறு குமிழ் உள்ளே அழுந்துகிற வகை ஒன்று. ஸ்டாண்டின் அச்சு போல்ட்டின் மேலேயே வட்டமாகப் பொருந்தி, ஸ்டாண்டோடு சேர்ந்து சுழலும் வகை மற்றொன்று. ஸ்டாண்டில் ஒரு காந்தமும், வண்டியின் சட்டத்தில் அந்தக் காந்தத்தை உணரும் சென்சாரும் கொண்ட தொடாத வகை மூன்றாவது. உங்கள் வண்டியில் எது என்று முதலில் பாருங்கள். ஏனெனில் சோதிக்கும் முறை அதற்கேற்ப மாறும்.

சாவியை ஆஃப் செய்து, சுவிட்சிலிருந்து மேலே செல்லும் ஒயரைப் பின்தொடர்ந்து அதன் கப்ளரை, அதாவது ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகியைக் கண்டுபிடியுங்கள். கப்ளரின் பூட்டை நகத்தால் அழுத்தி, உறையைப் பிடித்துப் பிரிக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. இரண்டு ஒயர் மட்டும் உள்ள, குமிழ் அல்லது சுழல் வகைச் சுவிட்ச் என்றால், மல்டிமீட்டரைத் தொடர்ச்சி ஒலிக்கும் நிலையில் வைத்து, சுவிட்ச் பக்கக் கப்ளரின் இரண்டு முனைகளில் வையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஸ்டாண்டு மடங்கியிருக்கும்போது மீட்டர் ஒலிக்க வேண்டும். இறங்கியிருக்கும்போது ஒலி நிற்க வேண்டும். ஓம் அளவில் 1 ஓமுக்குக் கீழே இருந்தால் நல்லது. பத்து இருபது ஓம் என்று எண்கள் தாவிக்கொண்டிருந்தால், உள்ளே தொடுமுனைகள் அரித்திருக்கின்றன. ஸ்டாண்டைப் பத்து முறை ஏற்றி இறக்குங்கள். ஒயரை ஆங்காங்கே வளைத்துப் பாருங்கள். ஒருமுறை சரியாகக் காட்டிவிட்டது என்பதற்காகச் சுவிட்ச் நலம் என்று முடிவு செய்துவிடக் கூடாது, ஏனெனில் விட்டுவிட்டு வரும் பழுதுதான் இந்தச் சுவிட்சின் இயல்பான பழுது.

சில வண்டிகளின் இரண்டு ஒயர் சுவிட்சுக்குள், ஒயர் அறுந்ததையும் ஸ்டாண்டு இறங்கியதையும் இ.சி.யு. பிரித்தறிவதற்காக ரெசிஸ்டர் (மின்தடை) வைத்திருப்பார்கள். அவற்றில் மீட்டர் ஒலிக்காது. சர்வீஸ் கையேடு சொல்லும் ஓம் அளவோடு ஒப்பிட வேண்டும். மூன்று ஒயர் உள்ள காந்த வகையை ஓம் மீட்டரால் சோதிக்கவே முடியாது. அதற்குக் கப்ளரை இணைத்தபடியே, சாவியை ஆன் செய்து, ஒயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசியை நுழைத்து வோல்ட் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு ஒயர் மின்சாரம் தருவது, ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். ஸ்டாண்டை ஏற்றி இறக்கும்போது சிக்னல் ஒயரின் அளவு தெளிவாக மாறினால் சென்சார் நலம். மின்சார ஒயரில் வோல்ட் வருகிறது, எர்த் சரியாக இருக்கிறது, சிக்னல் மட்டும் அசையவில்லை என்றால், சென்சாரைக் குறை சொல்வதற்கு முன் காந்தத்தைப் பாருங்கள்: இரும்புத்தூளும் சேறும் அதன் மேல் அப்பியிருக்கலாம், அல்லது ஸ்டாண்டை மாற்றியபோது காந்தம் இல்லாத ஸ்டாண்டைப் பொருத்தியிருக்கலாம். மூன்று ஒயர் சென்சாரின் ஒயர்களை எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றோடொன்று தொடவைக்காதீர்கள். மின்சார ஒயரும் எர்த்தும் சேர்ந்தால் பியூஸ் போகும், இ.சி.யு.வும் போகலாம்.

ரெசிஸ்டர் இல்லாத இரண்டு ஒயர் சுவிட்சில் மட்டும், கண்டறிவதற்காக ஒரு சோதனை செய்யலாம். பின்சக்கரம் தரையில் படாத நிலையில், மேலே செல்லும் கப்ளரின் இரண்டு முனைகளை ஒரு சிறு ஒயரால் இணைத்து, வண்டியைக் கிளப்பிக் கியர் போட்டுப் பாருங்கள். என்ஜின் நிற்காமல் ஓடினால் பழுது சுவிட்சில் என்பது உறுதி. அந்த ஒயரை உடனே, கையோடு எடுத்துவிடுங்கள். நான் ஒவ்வொரு முறையும் சிவப்பு நிற ஒயரையே இதற்குப் பயன்படுத்தி, அதன் மறுநுனியில் சாவிக்கொத்தைக் கட்டிவிடுகிறேன். ஒயரை எடுக்காமல் என்னால் வீட்டுக்குள் போக முடியாது.

சுத்தம் செய்வது எளிது. பிரஷால் சேற்றை உதிர்த்து, காண்டாக்ட் கிளீனரை அடித்து, குமிழைப் பலமுறை அழுத்தி விட்டு, உலரவிடுங்கள். ஸ்டாண்டின் அச்சு போல்ட்டைக் கழற்றித் துடைத்து, கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். அள்ளி அப்பிய கிரீஸ் மணலைப் பிடித்து வைத்து, குமிழை ஒரு மாதத்திலேயே இறுக்கிவிடும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

மற்றச் சுவிட்சுகள்

கிளட்ச் சுவிட்சைச் சோதிப்பதும் அதே முறையில்தான்: கப்ளரைப் பிரித்து, லீவரைப் பிடித்தும் விட்டும் தொடர்ச்சி பார்க்க வேண்டும். சுவிட்ச் நன்றாக இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் லீவரைக் கவனியுங்கள். வண்டி ஒருமுறை விழுந்து லீவர் வளைந்திருந்தால், சுவிட்சின் குமிழை அது முழுதாக எட்டாது. அழகுக்காக வெளியில் வாங்கி மாட்டும் லீவர்கள் சிலவற்றில் குமிழை அழுத்தும் சிறு புடைப்பே இருக்காது. லீவரைப் பொருத்தும்போது அந்தக் குமிழ் நசுங்கி உடைவதும் அடிக்கடி நடக்கிறது.

நியூட்ரல் சுவிட்ச் பல வண்டிகளில் முன் ஸ்பிராக்கெட்டின் அருகே, செயினிலிருந்து தெறிக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவில் இருக்கிறது. ஒற்றை ஒயர் உள்ள வகை என்றால் அந்த ஒயரைக் கழற்றி, சாவி ஆன் நிலையில், என்ஜினின் பளிச்சென்ற உலோகப் பகுதியில் தொடவையுங்கள். பச்சை விளக்கு எரிந்தால் விளக்கும் ஒயரும் சரி, சுவிட்ச்தான் பழுது. எரியாவிட்டால் ஒயரையோ விளக்கையோ பாருங்கள். சுவிட்சைக் கழற்றும்போது அதன் துளை வழியாக என்ஜின் ஆயில் வரலாம். கீழே தட்டு வைத்துக்கொண்டு, வளைய வடிவ ரப்பர் சீலைப் புதியதாகப் போட வேண்டும். எந்தக் கியர் என்று எண்ணில் காட்டும் மீட்டர் உள்ள வண்டிகளில் பல ஒயர்கள் கொண்ட கியர் சென்சார் இருக்கும். அதைத் தொடவைத்துச் சோதிக்க முயலாமல் சர்வீஸ் நிலையத்திடம் விட்டுவிடுவது நல்லது.

கில் சுவிட்சில் ஒரு நுட்பம் உண்டு. பேட்டரி மின்சாரத்தில் ஸ்பார்க் தரும் வண்டிகளில் அது மின்சாரத்தைத் துண்டித்து என்ஜினை நிறுத்துகிறது. ஆகவே தொடுமுனை அரித்தால் வண்டி கிளம்பாது. என்ஜின் சுழலும்போது மின்சாரம் தரும் மேக்னட்டோ காயிலிலிருந்து நேரடியாக மின்சாரம் பெறும், சி.டி.ஐ. என்ற மின்னணு ஸ்பார்க் பெட்டி கொண்ட பழைய வண்டிகளிலோ அது நேர் எதிராக, ஒரு ஒயரை எர்த்தோடு சேர்த்து என்ஜினை நிறுத்துகிறது. அங்கே சுவிட்சுக்குள் நீர் புகுந்தாலோ, அந்த ஒயரின் உறை எங்கேனும் உரசிக் கிழிந்தாலோதான் வண்டி நிற்கும். பழைய வண்டி வைத்திருப்பவர் இந்த வேறுபாட்டை அறியாமல் சோதித்தால் நல்ல சுவிட்சைக் கெட்டது என்று தூக்கிப்போட்டுவிடுவார்.

பிரேக் விளக்கை முன் லீவருக்கும் பின் பெடலுக்கும் தனித்தனியே பாருங்கள். ஒன்று எரிந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். பின் பிரேக் சுவிட்ச் பொதுவாக ஒரு ஸ்பிரிங்கால் இழுக்கப்படுகிறது. பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே விளக்கு எரியும்படி அதைச் சரிசெய்ய, சுவிட்சின் உடலை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் நட்டை மட்டும் திருப்ப வேண்டும். உடலைத் திருப்பினால் ஒயர் முறுகி அறுந்துவிடும். பெடலை விட்ட பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அதைவிடக் கெடுதல் இல்லை: நீங்கள் பிரேக் பிடிப்பதற்கும் பிடிக்காததற்கும் பின்னால் வருபவருக்கு வேறுபாடே தெரியாது.

களிம்பும் வாட்டர் சர்வீஸும்

உயிரோடு ஒட்டியே இருக்கும் ஆணவ மலம் என்னும் அழுக்குக்குச் சைவ சித்தாந்த நூல்கள் செம்பில் களிம்பை உவமையாகச் சொல்லும். கப்ளரைப் பிரித்துப் பார்த்தால் அந்தப் பச்சைக் களிம்பையே கண்ணால் காணலாம். ஈரமும் காற்றும் செப்பு முனைகளில் ஏற்படுத்தும் அந்தப் படிவம் மின்சாரத்தைத் தடுக்கிறது. தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில், உப்புக் காற்றின் காரணமாக இது விரைவில் ஏறும். செம்புக் குடத்தைத் துலக்குவதுபோலப் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்க வேண்டும் என்று சிலருக்குத் தோன்றும், செய்யக் கூடாது. அமிலம் ஒயரின் இழைகளுக்குள் ஊறி நின்று, வெளியில் பளபளத்தாலும் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் மேற்பூச்சை அகற்றிவிடும். காண்டாக்ட் கிளீனரும் பிரஷும் போதும். உலர்ந்த பிறகு, கப்ளரின் ரப்பர் சீலைச் சுற்றி மின்கடத்தாத கிரீஸைச் சிறிது தடவி, ‘டிக்’ என்று பூட்டு விழும்வரை அழுத்தி மூடுங்கள். ஒயர் அறுந்த இடத்தில் இழைகளைப் பற்றவைத்து, சுருங்கும் ஸ்லீவால் மூடுங்கள். கறுப்பு டேப் நம் வெயிலில் இளகி, பசை வழிந்து, அடுத்த மழையிலேயே அவிழ்ந்துவிடும்.

நீர் புகும் முதன்மை வழி மழையன்று, வாட்டர் சர்வீஸ்தான். மழைத்துளி மேலிருந்து விழுகிறது. பிரஷர் பம்பின் நீரோ எந்த ரப்பர் சீலையும் துளைத்துக்கொண்டு நுழைகிறது. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் வண்டியைப் பளபளவென்று கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, மறுநாள் செல்ஃப் எடுக்காமல் நிற்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கைப்பிடி சுவிட்சுகள், சைடு ஸ்டாண்டின் அச்சு, ஹேண்டில் கழுத்து ஆகிய மூன்று இடங்களில் பிரஷர் நீரை நேராக அடிக்க வேண்டாம் என்று கழுவுபவரிடம் முன்கூட்டியே, மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். சந்தனத்தைச் சுவிட்சின் இடுக்கில் வைக்காமல் மீட்டர் உறையின் மேலோ டேங்கின் மேலோ வையுங்கள். காய்ந்த சந்தனம் உதிர்ந்து சுவிட்சுக்குள் இறங்கும்.

ஆயுத பூஜை வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பாகவே வருவதால், ஆண்டுக்கொரு முறை கப்ளர்களைப் பிரித்துத் துடைத்து கிரீஸ் தடவும் வேலைக்கு அதுவே நல்ல நாள். மழை ஓய்ந்து தை பிறந்ததும் சைடு ஸ்டாண்டை மட்டும் மீண்டும் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். இடையில் வாரம் ஒருமுறை கில் சுவிட்சை நான்கைந்து தடவை மாற்றிப் போடுங்கள். அந்த உரசலே தொடுமுனைகளைத் துடைத்துவிடும். ஆனால் தினமும் அதனாலேயே வண்டியை நிறுத்தும் பழக்கம் வேண்டாம், ஏனெனில் சாவி ஆன் நிலையிலேயே மறந்துபோய், மீட்டரும் விளக்கும் பேட்டரியைத் தீர்த்துவிடும்.

ஏற்கெனவே டைரக்ட் செய்யப்பட்ட வண்டியைப் பழையதாக வாங்கியிருந்தால், சைடு ஸ்டாண்டின் அருகே டேப் சுற்றிய முறுக்கு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால், புதிய சுவிட்சைப் பொருத்தும்வரை அந்த வண்டியை வேறு யாருக்கும் ஓட்டக் கொடுக்காதீர்கள்.

எந்த வேலையை முடித்தாலும் வண்டியைச் சாலைக்கு எடுப்பதற்கு முன் ஒரு சோதனை மிச்சமிருக்கிறது. சென்டர் ஸ்டாண்டில், என்ஜின் ஓட, கிளட்சைப் பிடித்து முதல் கியரைப் போட்டு, சைடு ஸ்டாண்டைக் காலால் கீழே தள்ளுங்கள். என்ஜின் அந்தக் கணமே நிற்க வேண்டும். பிறகு கிளட்சைப் பிடிக்காமல், கியரில் வைத்து செல்ஃபை அழுத்துங்கள். மோட்டார் சுற்றக் கூடாது. இரண்டும் சரியாக நடந்தால் மட்டும் ஸ்டாண்டை மடக்கிவிட்டுக் கிளம்புங்கள்.